தரையைத் தொடும் நான்கு இடங்கள்

காற்றுதான் தூக்குகிறது, வேறு ஒன்றும் இல்லை, வெறும் காற்று. பம்ப் கடகடவென்று கத்திக்கொண்டிருக்கிறது, நான் கராஜ் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன் டயரின் அடிவயிற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், குளிர்காலம் முழுக்கப் பிதுங்கிக் கிடந்த வயிறு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறது, அது போகப் போகக் கார் மேலே வருகிறது, ஒரு நகம் அளவு, அப்புறம் இன்னொரு நகம் அளவு. எத்தனை வருஷம் இந்தக் காரில் ஏறி இறங்கியிருக்கிறேன், காய்கறிப் பையை ஏற்றியிருக்கிறேன், சண்டை போட்டுக் கதவை அறைந்து சாத்தியிருக்கிறேன், ஒரு நாளாவது இதை எது தாங்குகிறது என்று யோசித்தேனா? சக்கரம் தாங்குகிறது என்று நினைத்திருப்பேன், இரும்பு இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, அது பாட்டுக்குத் தாங்கும் என்று. இல்லை. தரையைத் தொடுவது நாலே நாலு இடம், ஒவ்வொன்றையும் என் உள்ளங்கையை விரித்து வைத்தால் மூடிவிடலாம், அந்த நாலு உள்ளங்கை ரப்பருக்குப் பின்னால் நிற்பது நாம் வாயால் ஊதி விளக்கை அணைக்கிற அதே காற்று. அது ஒரு காரைத் தூக்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் நிற்கிறது. எனக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருக்கிறது. யாராவது பார்த்தால் செண்பகவல்லிக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள், பார்க்கத்தான் யாருமில்லை, தெருவில் ஈ காக்கா இல்லை, இந்த ஊரில் ஏப்ரல் வரைக்கும் ஈயே கிடையாது. காலையில் தேவசகாயம் அண்ணன் போன் பண்ணினார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை, என் வீட்டுக்காரர் இவரோடு உர ஆலையில் வேலை பார்க்கிறவர், நாகர்கோவில்காரர், கனடாவின் இந்த மூலையில் எங்களை விட்டால் தமிழ் பேச அவர் வீடு ஒன்றுதான். "இன்னைக்கு என்னால வர முடியாது போல இருக்கு மக்ளே, ஷிப்டுக்கு ஆளில்லன்னு கூப்பிட்டுட்டான், ஆஸ்பத்திரியில வேற நாள் கேட்டுப் பாரேன்" என்றார். "பரவால்லண்ணே, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். வாய்தான் சொன்னது. என்னத்தைப் பார்த்துக்கொள்வது? கண் ஆஸ்பத்திரி இருப்பது நகரத்தில், ஒரு மணி நேர ஓட்டம், இங்கே டாக்ஸி கிடையாது, இருந்த ஒரு பஸ்ஸும் நின்றுபோய்விட்டது. வேறு நாளும் கிடையாது. இன்று மதியம்தான் இவருடைய வலது கண்ணைப் பார்த்து, ஆபரேஷன் பண்ணினது ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று சொல்லப் போகிறார்கள், கழன்றிருந்தால் உடனே மறுபடியும் கத்தி வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கண் போய்விடும் என்று டாக்டரம்மா போன தடவையே விரலை ஆட்டிச் சொல்லிவிட்டாள். மாடிக்குப் போய் அண்ணன் வரவில்லை என்று சொன்னேன். இவர் குப்புறப் படுத்திருந்தார். மெத்தையைப் பார்த்துச் சொன்னார், "டயர்ல காத்து எவ்வளவு இருக்குன்னு பாரு." அவ்வளவுதான். யார் ஓட்டுவது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, பம்பைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அவர் கண்ணுக்குள்ளும் காற்றுதான் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, ரெண்டு வாரமாகச் சிலிர்த்தும் பழகவில்லை. வேலையிலிருந்து வந்தவர் பூட்ஸைக் கழற்றும்போது, "வலது கண்ணுல ஓரத்துல திரை எறங்குற மாதிரி இருக்குட்டி" என்றார், தூக்கம் போதவில்லை என்று நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், மறுநாள் திரை பாதிக்கு இறங்கிவிட்டது. கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கிற மெல்லிய தாள் கழன்று தொங்குகிறதாம். அதைத் திரும்ப ஒட்ட வைக்க உள்ளே ஒரு காற்றுக் குமிழியை விட்டு மூடிவிட்டார்கள். பசை இல்லை, ஆணி இல்லை, குமிழிதான் தாளைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காற்றின் குணம் மேலே போவது, அது பின்சுவரைப் போய் முட்ட வேண்டுமென்றால் முகம் தரையைப் பார்க்க வேண்டும், அதனால் ராத்திரி பகல் எந்நேரமும் குனிந்த தலை. குப்புறப் படுத்துத் தூக்கம், குனிந்தபடி சாப்பாடு, ரசத்தை உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கிறார், பேசினால் தரையோடு பேசுகிறார். கல்யாணமான புதிதில் மாமியார் என்னைத் தலை குனிந்து நடக்கச் சொன்னாள், அந்தப் பாவம் மகன் தலையில் விடிந்திருக்கிறது என்று ஒரு நாள் சொன்னேன், கட்டில் குலுங்கச் சிரித்துவிட்டு, சிரிக்க வைக்காதே குமிழி ஆடுகிறது என்றார். மாமியாரானால் தினமும் போனில், "பேசாம ஊருக்குக் கூட்டிட்டு வந்திரு, மதுரையில நல்ல ஆஸ்பத்திரி இருக்கு" என்கிறாள். கண்ணில் காற்று இருக்கும்வரை விமானம் ஏறக் கூடாது, மேலே போனால் குமிழி பெருத்துக் கண்ணையே நசுக்கிவிடும், இதை அவளுக்கு விளங்க வைக்க என்னால் முடியவில்லை, எனக்கே விளங்கியதா என்ன, ஒரு சின்ன நெல்லிக்காய் அளவு காற்று, அது மேலே ஏறினால் வீங்கும், இங்கே தரையில் ஒரு மனுஷனைக் குப்புறப் போட்டு வைத்திருக்கும். அந்தக் கண் ஒன்றுதான் கண். இடது கண் பிறவியிலேயே மங்கல், அதில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. முதல் நாட்களில் காலையில் எழுந்ததும், "ஏதாவது தெரியுதா?" என்று கேட்பேன். "பால் டம்ளருக்குள்ள இருந்து பாக்குற மாதிரி இருக்கு" என்பார். தினமும் அதே பால். நாலைந்து நாளாக நான் கேட்பதில்லை, கேட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே அவருக்கு.

ஒரு டயர் ஆயிற்று. அடுத்த டயருக்குப் பம்பை இழுத்துக்கொண்டு போகிறேன், இதிலும் காற்றடிக்கிற மூக்கு கீழே தரையோரமாகத்தான் இருக்கிறது, கன்னத்தைத் தரையில் வைக்காத குறையாகக் குனிந்து குழாயை மாட்ட வேண்டியிருக்கிறது, சனியன், கொஞ்சம் மேலே இருந்தால்தான் என்ன. மேலே எப்படி இருக்கும்? நான்தானே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தரையோரத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். கார் இங்கே நிற்பது நவம்பரிலிருந்து. குளிர்காலத்தில் இவருக்குக் கம்பெனி வேன் உண்டு, பனிக்கென்று தனி டயர் மாட்டியது, அதனால் சொந்தக் காரை உள்ளே விட்டுவிடுவார், வேனை இவர் படுத்ததும் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "ஒரே இடத்துல நின்னா டயர் தட்டையாயிரும், குளிர்ல ரப்பர் வெறைச்சு அப்படியே படிஞ்சிரும். ஞாயித்துக்கெழம எனக்கு ஷிப்டு, நீ வாரம் ஒருக்கா கால் சுத்து உருட்டி விட்டுரு" என்று சொல்லியிருந்தார். நான் தவறவே இல்லை. கராஜ் கதவைத் தூக்கி, இன்ஜினைப் போட்டு, பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்து, கால் சுற்று முன்னால் விட்டு, பிறகு ரிவர்ஸ் போட்டு, கால் சுற்று பின்னால். இறங்கி வந்து பார்ப்பேன், நாலு மூக்கும் பழைய இடத்துக்கு வந்துவிட்டதா என்று. வந்திருக்கும். எனக்கு அதில் ஒரு பெருமை, தரையில் சாக்பீஸால் கோடு வேறு போட்டு வைத்திருந்தேன். கை குழாயோடு அப்படியே நிற்கிறது. அட மூதேவி. அதே இடம். குளிர்காலம் முழுக்க அதே நாலு உள்ளங்கை ரப்பர்தான் இந்தக் காரைச் சுமந்திருக்கிறது, வாரத்துக்கு ஒரு தரம் ரெண்டு நிமிஷம் மூச்சு விட்டுக்கொள்ள விட்டு, மறுபடியும் அதன் தலையிலேயே நான் காரை இறக்கி வைத்திருக்கிறேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வை. அம்மா கத்தரிக்கோலுக்கும் சீப்புக்கும் ஊசிக்கும் சொன்னது, சொல்லிச் சொல்லித் தலையில் குட்டிப் பதிய வைத்தது, கண்ணைக் கட்டிவிட்டாலும் என் சமையலறையில் உப்பு ஜாடியை நான் எடுப்பேன், இங்கே ஒரு முழுக் காரையே உப்பு ஜாடி மாதிரி எடுத்த இடத்தில் வைத்திருக்கிறேன். சிரிப்பு வருகிறது. இன்றைக்குப் பார்த்துத்தானா இது தெரிய வேண்டும்?

பம்பை நிறுத்திவிட்டு ஏறி உட்கார்ந்து காரைக் கொஞ்சம் முன்னால் விடுகிறேன், தொப்பென்று மேட்டிலிருந்து இறங்குகிற மாதிரி ஒரு அசைவு, தரையோ வழுவழுவென்ற சிமெண்டு. இறங்கி வந்து டயரைத் தடவிப் பார்க்கிறேன். வட்டமாக வந்துகொண்டே இருக்கிற ரப்பர் ஓரிடத்தில் வட்டத்தை மறந்து படிந்து போயிருக்கிறது, சப்பணமிட்டு உட்கார்ந்த மாதிரி, பிறகு ஞாபகம் வந்து மறுபடி வளைகிறது. விரைத்த ரப்பர், விரல் நுனியில் குளிர் குத்துகிறது. நாலிலும் அப்படித்தான். உயிரில்லாத ஒரு பொருள், எங்கே நின்றோம் என்பதை உடம்பில் வைத்துக்கொண்டிருக்கிறதே. என்ன பொறுமை, என்ன பாரம். நின்றால் கெட்டுப்போவதற்கு இது என்ன தண்ணீரா பாலா, நிற்பது அவ்வளவு பெரிய வேலையா? பெரிய வேலைதான். நானும் ரெண்டு குளிர்காலமாக நிற்கிறேன். லைசென்ஸ் வாங்கி மூணு மாதம் ஓட்டினேன், நன்றாகவே ஓட்டினேன், அப்புறம் ஒரு நாள், ஊருக்கு வெளியே தானியக் கிடங்குகளைத் தாண்டினதும் ரோடு ரோடாகத்தான் இருந்தது, கறுப்பாக, சுத்தமாக, பனிக்கட்டியே கறுப்பாகப் படிந்திருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள். ஸ்டீரிங் திடீரென்று கனமில்லாமல் போயிற்று. அதுதான் இன்றைக்கும் கனவில் வருகிறது, சத்தமில்லை, மோதல் இல்லை, கையில் கனமே இல்லாமல் போன அந்த ஸ்டீரிங். கார் பொம்மை மாதிரி ஒரு முழுச் சுற்றும் அரையும் சுற்றி, வயல் சுற்றி, வானம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. ஒரு கீறல் கிடையாது. பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார், நான் தலையாட்டினேன், வீட்டைப் பார்த்தே நிற்கிறதே என்று அப்படியே வீட்டுக்கு ஓட்டி வந்தேன், அதோடு ரோட்டில் ஓட்டுவதை விட்டேன். அன்று அந்த நாலு உள்ளங்கையும் பிடியை விட்டிருக்கின்றன, இப்போதுதான் புரிகிறது, காரைச் சாலையோடு கட்டி வைத்திருப்பது அவ்வளவுதான், ஒரு கோலப்பொடி டப்பா வைக்கிற இடம் அளவு நாலு. இது தெரிந்த பிறகும் லட்சம் பேர் தினமும் ஓட்டுகிறார்கள், பக்கத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு. எனக்கு அதை நினைத்தால் பயத்தைவிட ஆச்சரியம் பெரிதாக இருக்கிறது, ஆனால் பயமும் இருக்கிறது. அன்று நான் மட்டும் இருந்தேன். இன்று சுற்றினால் பக்கத்தில் இவர், உள்ளே ஒரு குமிழி.

மாடிக்குப் போகிறேன். இவர் எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், தலை தொங்கியபடி, பேன்ட் மாட்டியாகிவிட்டது, சட்டைப் பொத்தானை வரிசை மாற்றிப் போட்டிருக்கிறார். மண்டியிட்டு அவிழ்த்துச் சரியாகப் போடுகிறேன், முகத்துக்கு நேர் கீழே என் முகம். கன்னத்திலும் நெற்றியிலும் தலையணை பதிந்த தடம், அதில் விரல் வைக்கிறேன், உடனே சரியாகவில்லை. "என்னங்க, டயர் தட்டையாயிட்டு" என்கிறேன். "நீதான் வாராவாரம் உருட்டினியே." உருட்டினேன், உருட்டிப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன் என்கிறேன், மூக்கு, சாக்பீஸ் கோடு எல்லாம் சொல்கிறேன். கொஞ்ச நேரம் அவர் தோள் மட்டும் குலுங்குகிறது. "ஏட்டி, உன்னைய என்ன செய்ய" என்கிறார். "சிரிக்காதீங்க, குமிழி ஆடும்." "எவ்வளவு தட்டை?" "தடவினா தெரியுது." "ஓட்டினா சூடேறும். சூடேறினா ரப்பர் தானா உருண்டைக்கு வந்திரும், முக்காவாசி." "வரலன்னா?" "சத்தத்தோட போவோம்." ரோடு காய்ந்திருக்கிறதா என்று கேட்கிறார், காய்ந்திருக்கிறது, ஓரத்தில் மட்டும் அழுக்குப் பனி என்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் என்ன. "எனக்கும்தான்" என்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனுஷன் பயம் என்று வாயால் சொல்லிக் கேட்டதில்லை. இப்போதும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தன் முழங்காலைப் பார்த்துச் சொல்கிறார், ஆனாலும் சொல்லிவிட்டார், எனக்கு அது எப்படியோ கையைப் பிடித்த மாதிரி இருக்கிறது. கைத்தாங்கலாகப் படியிறக்கிக் கூட்டிப் போகிறேன். மிச்ச டயருக்கும் காற்று ஏறும்வரை அவர் கராஜ் சுவரில் கை ஊன்றித் தரையைப் பார்த்து நிற்கிறார், பம்ப் சத்தத்தைக் கேட்டு, போதும் நிப்பாட்டு என்று அவரே சொல்கிறார், நான் மீட்டரைப் பார்க்கிறேன், சரியாகத்தான் இருக்கிறது.

தட், தட், தட். தெரு முனை தாண்டவில்லை, நாலு டயரும் பேச ஆரம்பித்துவிட்டன, ஸ்டீரிங் கைக்குள் நடுங்குகிறது. இவர் பெல்ட்டுக்குள் வளைந்து, மடியில் தலையணை வைத்து, அதன் மேல் நெற்றியை வைத்திருக்கிறார். கொஞ்சம் மெதுவாகப் போகலாம் என்று காலை எடுத்தால் அந்தத் தட் சத்தமும் மெதுவாகி ஒவ்வொன்றும் தனித்தனியாக முதுகில் இடிக்கிறது. "கொறைக்காத, அது சூடாகட்டும்" என்கிறார் தலையணைக்குள்ளிருந்து. அழுத்துகிறேன். தட்தட்தட்தட். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் படிந்த இடம் வந்து அடிபட்டு எழுந்து போகிறது, இத்தனை மாதம் சுமந்த இடம்தான் இப்போது அடியும் வாங்குகிறது, நான் மனசுக்குள் அதனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அழுத்துகிறேன். வீடுகள் முடிகின்றன. ரெண்டு பக்கமும் வெள்ளை, வெள்ளைக்கு முடிவில்லை, வானம் எங்கே இறங்குகிறது என்றே தெரியவில்லை, அதன் நடுவில் ஒரு கறுப்புக் கோடு, கோட்டின் மேல் நாலு உள்ளங்கை, அதன் மேல் நாங்கள் ரெண்டு பேர். தானியக் கிடங்குகள் வருகின்றன. மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், ஸ்டீரிங் கனமாகவே இருக்கிறது, நல்ல கனம், அரிசி மூட்டையைத் தூக்கும்போது இருக்கிற நம்பகமான கனம், கிடங்குகள் போய்விட்டன. மூச்சை விட்ட பிறகுதான் இவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. எப்படிக் கேட்கிறது? அந்தத் தட் தட் சத்தத்தைக் காணோம். எப்போது நின்றது? காதைத் தீட்டுகிறேன், அடியில் எங்கோ லேசாக ஒரு முனகல், அவ்வளவுதான், மற்றபடி ஓடுகிற சத்தம். வெளியே உறைகிற குளிர், உள்ளே அந்த ரப்பர் தன் சூட்டிலேயே வட்டத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. யாரும் தட்டிச் சரி செய்யவில்லை, ஓடினது, சரியாகிறது. இவ்வளவுதானா, இவ்வளவுதான் என்று இருப்பதே எவ்வளவு பெரிசு. "வல்லி" என்கிறார் இவர். "என்னங்க, சத்தம் நின்னுட்டு, கேட்டீங்களா?" தலையணையை விலக்கிவிட்டு அதே குனிவில் இருக்கிறார் என்பது ஓரக்கண்ணில் தெரிகிறது, ஒரு கையால் முகத்தின் ஒரு பக்கத்தைப் பொத்தியிருக்கிறார். "கால்மிதியில ஒரு கறிவேப்பிலை கெடக்கு" என்கிறார். நவம்பரில் கடைசியாக நகரத்துக் கடைக்குப் போய் வந்தது, பையிலிருந்து விழுந்திருக்கும், காரைப் பெருக்க விட்டுவிட்டேனே என்றுதான் முதலில் தோன்றுகிறது. அப்புறம்தான் உறைக்கிறது. "எந்தக் கண்ணுல?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எடதைப் பொத்திட்டுத்தான் பாக்குதேன். நடுவுல உருண்டையா ஒண்ணு ஆடுது, அதுக்குள்ள ஒண்ணும் தெரியல. அதைச் சுத்தி ஓரத்துல தெரியுது. காஞ்சு சுருண்டு கெடக்கு, ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு. நடு நரம்பு தெரியுதுட்டி." டாக்டரம்மா என்ன சொல்வாளோ, ஓரம் ஒட்டியிருந்தால் நடுவும் ஒட்டியிருக்குமா, எனக்கு எதுவும் தெரியாது, இன்னும் பாதி வழிகூட ஆகவில்லை. கீழே குனிந்து அந்த இலையைப் பார்க்க வேண்டும்போல உயிர் துடிக்கிறது. பார்க்கவில்லை. அழுதால் ரோடு மறையும், அதனால் அழவும் இல்லை, ரெண்டு கையும் ஸ்டீரிங்கில், கண் கறுப்புக் கோட்டில். "இன்னும் என்னெல்லாம் தெரியுது," என்கிறேன், "ஒண்ணு விடாம சொல்லிட்டே வாங்க."